வாழ்வதற்கு நல்ல ஊர் எது?

(நாகூரில் நடந்த படிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆய்வு மாணவி என்றதும் பெரிய தலைப்பாக எதையாவது பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் ஒரு சின்னக் கேள்வியோடுதான் வந்திருக்கிறேன். போன வருடம் விடுதியில் ஒரு இரவு கரண்ட் போய்விட்டது. மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். ஒரு தோழி ஒரு விளையாட்டை ஆரம்பித்தாள். காசு, வேலை, விசா எதுவும் தடையில்லை, நிலமும் தட்பவெப்பமும் உன் விருப்பம், எந்த ஊரில் வாழ்வாய் என்று கேட்டாள். ஒருத்தி கொடைக்கானல் என்றாள். ஒருத்தி வயநாடு என்றாள். இன்னொருத்தி பனி பெய்யும் நாடு ஏதாவது என்றாள். என் முறை வந்தபோது எனக்குப் பதில் வரவில்லை. "உனக்கென்ன, தஞ்சாவூர்க்காரி. பச்சைப் பசேல் வயல், ஆறு, கடல். நீ ஏற்கெனவே அங்கேதானே இருக்கிறாய்?" என்று அவளே சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவள் சொன்ன பச்சை வயல் உண்மை. ஆறும் உண்மை. கடைமடை வரை தண்ணீர் வந்த வருடங்களில், சம்பா நட்டு ஒரு மாதம் ஆன வயலைப் பார்த்தால் யாருக்கும் அங்கேயே இருந்துவிடத் தோன்றும். அந்த வயலை நட்ட என் அம்மாவுக்கும் அது அழகாகத்தான் தெரியும். அப்படியிருந்தும் எனக்கு ஏன் பதில் வரவில்லை? அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

நமக்குப் பள்ளிக்கூடத்தில் ஐந்திணை சொல்லிக் கொடுத்தார்கள். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம். கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். நாகூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு மருதமும் நெய்தலும் ஒரு சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இருக்கின்றன. வெட்டாறு கடலில் சேரும் இடத்தில் நின்றால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். நிலத்துக்கு ஒரு பூ, ஒரு பறவை, ஒரு பொழுது, ஒரு தெய்வம் என்று வகுத்த மரபு உலக இலக்கியத்திலேயே அரிது. அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் நான் படித்த பாடப் புத்தகத்தில் மருத நிலத்தின் படம் ஒன்று போட்டிருந்தார்கள். அதில் வயல் இருந்தது, மாடு இருந்தது, வீடுகள் இருந்தன. வயலுக்கு அந்தப் பக்கம், தாழ்வில், வாய்க்கால் வடியும் இடத்தில் இருக்கும் எங்கள் தெரு அந்தப் படத்தில் இல்லை.

எங்கள் தெரு ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. டெல்டாவில் நிறைய சேரிகள் கிழக்கே இருக்கும், கீழத்தெரு என்றே பெயர் இருக்கும். அப்பாயி அதற்கு ஒரு காரணம் சொல்லும். "ஆறு மேற்கேயிருந்து கிழக்கே ஓடுது. அவுங்க குளிச்ச தண்ணி நம்மகிட்ட வரலாம், நாம குளிச்ச தண்ணி அவுங்ககிட்டப் போவக் கூடாது." எல்லாச் சேரிகளும் இதனால்தான் கிழக்கே அமைந்தன என்று நான் ஆய்வேட்டில் எழுத மாட்டேன். தெற்கே உள்ள சேரிகளும் உண்டு, வடக்கே உள்ளவையும் உண்டு. ஆனால் பள்ளிக்கூடமே போகாத ஒரு கிழவி, நிலத்தின் சரிவையும் ஆற்றின் போக்கையும் சாதியோடு சேர்த்துப் படித்து வைத்திருந்தது. கடற்கரையில் இருப்பவர்கள் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில், எந்தக் காற்று அடித்தால் யாருக்கு மூக்குச் சுளிக்கும் என்பது வரைக்கும் தெரியும்.

இது நேற்றைக்கு வந்த ஏற்பாடு இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜனின் கல்வெட்டுகள் இருக்கின்றன. கோயிலுக்குக் கொடுத்த ஊர்களில் எந்தெந்த நிலத்துக்கு வரி கிடையாது என்று அவற்றில் ஒரு பட்டியல் வரும். ஊர்நத்தம், குளம், வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று போகும். தீண்டாச்சேரி என்ற சொல்லும் வருகிறது. பறைச்சுடுகாடு என்று தனியாகவும் வருகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த டெல்டாவின் நிலம் அளக்கப்பட்டு, யார் எங்கே இருக்க வேண்டும், செத்தால் எங்கே போக வேண்டும் என்பது கல்லில் வெட்டி வைக்கப்பட்டுவிட்டது. பெரிய கோயிலைப் பார்க்கப் போகும்போது அண்ணாந்து விமானத்தைப் பார்க்கிறோம். கொஞ்சம் கீழே சுவரையும் பாருங்கள், நம் முகவரி அங்கே இருக்கிறது.

அந்தச் சுடுகாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பா ஒரு கார்த்திகை மாதம் இறந்தார். மூன்று நாளாக மழை. எங்கள் சுடுகாட்டுக்கு நல்ல பாதை ஊர்த்தெரு வழியாக இருக்கிறது. அந்த வழியில் எங்கள் பாடை போனதில்லை. வயல் வழியாகத்தான் போக வேண்டும். அன்றைக்கு வயலில் இடுப்பளவு தண்ணீர். சித்தப்பாவும் மாமாவும் இன்னும் நான்கு பேரும் பாடையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்தார்கள். எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் சித்தப்பா கால் சேற்றில் புதைந்து பாடை சாய்ந்தது. யாரோ பிடித்துவிட்டார்கள். அந்த இரண்டு நொடியை நான் இன்னும் கடக்கவில்லை. இரு பக்கமும் பால் கட்டும் பருவத்தில் சம்பா நின்றது. விடுதித் தோழி சொன்ன அதே பச்சை வயல்தான் அது.

நிலமும் தட்பவெப்பமும் எல்லோருக்கும் ஒன்று என்று நினைக்கிறோம். மழை பொது, வெயில் பொது என்கிறோம். 2004 டிசம்பர் 26 அன்று வந்த அலை நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அலை சாதி பார்க்கவில்லை. அதற்குப் பிறகு வந்த நிவாரணம் பார்த்தது. சில இடங்களில் தலித் மக்களைத் தனி முகாமுக்கு அனுப்பியதையும், பொதுத் தொட்டியில் தண்ணீர் பிடிக்கத் தடுத்ததையும் மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. படகும் வலையும் போனவர்களின் இழப்பு கணக்கில் வந்தது, அது நியாயம். ஆனால் வயலில் உப்புநீர் ஏறி வேலை போன கூலிக்காரருக்கு என்ன இழப்பு என்று கேட்க ஆளில்லை. அழுகிய பிணங்களை அள்ள வெளியூர்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. மாடி வீட்டில் இருந்தவர்களுக்குத் தென்னை போனது. குடிசையில் இருந்தவர்களுக்கு வீடே போனது. 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் பெய்த மழையில் ஒரு உயரமான சுவர் சரிந்து, பக்கத்துக் குடியிருப்பில் தூங்கிக்கொண்டிருந்த 17 தலித்துகள் செத்தார்கள். பத்திரிகைகள் மழைக்குப் பலி என்று எழுதின. அந்தச் சுவர் யாரைப் பார்க்காமல் இருக்க எழுப்பப்பட்டது என்று மக்கள் கேட்டார்கள்.

ஆகவே, உனக்குப் பிடித்த நிலம் எது, பிடித்த காலநிலை எது என்று கேட்பதற்கு முன்னால், அந்த நிலத்தில் உன்னை எந்த மூலையில் வைப்பார்கள் என்று கேட்டாக வேண்டியிருக்கிறது.

வைப்பதுகூட அப்புறம். காலூன்ற ஒரு மனை இருந்ததா? இந்த டெல்டாவில் பண்ணையாட்களின் குடிசை மிராசுதாரின் நிலத்தில்தான் இருந்தது. கூலி கேட்டால் வேலை மட்டும் போகாது, வீடும் போகும். 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தபோது இதைத்தான் சொன்னார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தம் இல்லாததால் இவர்கள் நிமிர முடியவில்லை என்றார். அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலங்கள் பிறகு யார் கைக்குப் போயின என்பது தனிக் கதை, அதற்கு இன்னொரு கூட்டம் போட வேண்டும்.

தஞ்சையில் சாணிப்பாலும் சவுக்கடியும் நிற்பதற்கே 1940களில் செங்கொடி இயக்கம் வர வேண்டியிருந்தது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் கேட்டது கூலி உயர்வு. அதோடு சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமை. வழக்கில் தண்டிக்கப்பட்ட நிலக்கிழார்களைப் பிறகு உயர்நீதிமன்றம் விடுவித்தது. அந்தத் தீக்குப் பிறகுதான் 1969இல் நியாயக் கூலிச் சட்டமும், 1971இல் குடியிருக்கும் மனையை அதில் குடியிருப்பவருக்கே உரிமையாக்கும் குடியிருப்புச் சட்டமும் வந்தன. இன்றைக்கு எங்கள் தெருவில் சில வீடுகளில் தகரப் பெட்டிக்குள் அந்த மனைக்கட்டுப் பட்டா இருக்கிறது. அதைத் தந்தது அரசு என்று பாட்டிமார் சொல்வார்கள். அது எந்த நெருப்பிலிருந்து வந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

சரி, ஊரை விட்டு நகரத்துக்குப் போய்விடலாம். அதுவும் நமக்குத் தெரிந்த வழிதான். 1917இல் வெளிநாட்டில் படித்துத் திரும்பிய அம்பேத்கர் பரோடாவில் வேலையில் சேர்ந்தார். தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் தன்னை மறைத்துக்கொண்டு தங்கினார். சில நாளில் தடியோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியே போகச் சொன்னது. சாமானோடு ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்தார். தன் வாழ்க்கைக் குறிப்பில் அவரே இதை எழுதியிருக்கிறார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த மனிதருக்கு அன்றைய இரவுக்கு ஒரு அறை இல்லை.

நூறு வருடம் கழித்து நான் ஒரு பெருநகரத்தில் வாடகைக்கு வீடு தேடினேன். உதவித்தொகை வந்துகொண்டிருந்தது, முன்பணம் கையில் இருந்தது. ஒரு வீட்டில் எல்லாம் பேசி முடிந்து, சாவி வாங்கும் நேரத்தில் வீட்டுக்கார அம்மா, "எந்த ஊரும்மா?" என்றார். நாகூர்ப் பக்கம் என்றேன். "முஸ்லிமா?" என்றார். இல்லை என்றேன். முகம் கொஞ்சம் தெளிந்தது. "அங்கே எந்தத் தெரு?" என்றார். தெருவைச் சொன்னேன். மறுநாள் வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டதாகப் போன் வந்தது. ஒரே உரையாடலில் இரண்டு வாசல் மூடுவதைப் பார்த்தேன். முதல் கேள்விக்கு நான் "ஆமாம்" என்று சொல்லியிருந்தால் இரண்டாவது கேள்வியே வந்திருக்காது. தில்லியைச் சுற்றி வாடகை வீடு தேடுகிறவர்களை வைத்துச் சுகதேவ் தோரட்டும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. அதிலும் தலித்துகளும் முஸ்லிம்களும்தான் அதிகம் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சென்னையில் கூவம் கரையிலும் கால்வாய் ஓரத்திலும் இருந்த மக்களை அள்ளிக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஊருக்குக் கிழக்கே தாழ்வில் இருந்த சேரி, நகரத்தில் சதுப்பு நிலத்து ஓரத்தில் அடுக்குமாடியாக நிற்கிறது.

நல்ல ஊரைக் கற்பனை செய்தவர்கள் உலகத்தில் நிறைய உண்டு. தாமஸ் மோர் 1516இல் உட்டோப்பியா என்று ஒரு தீவை எழுதினார். தனிச்சொத்து இல்லாத, எல்லோரும் உழைக்கிற தீவு. அந்தத் தீவிலும் அடிமைகள் இருக்கிறார்கள். மாடு அறுப்பது மாதிரியான வேலைகளை அவர்கள்தான் செய்ய வேண்டும். கனவு காண்கிறவர் எங்கே நின்று காண்கிறார் என்பது கனவிலும் தெரிந்துவிடுகிறது. காந்தி கண்ட கனவு கிராமம். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் அந்தக் கனவைப் போட்டு உடைத்தார். கிராமம் என்பது குறுகிய புத்தியும் அறியாமையும் தேங்கும் இடம் என்று சொன்னார். பெரியாரும் கிராமத்தைச் சீர்திருத்துவதைவிடக் கிராமம், நகரம் என்ற பிரிவையே ஒழிக்க வேண்டும், அந்தப் பிரிவே வருணாசிரமம் போன்றது என்றார். நம் ஊர் நந்தனை நினைத்துப் பாருங்கள். ஆதனூர்ச் சேரியில் இருந்தவர். அவர் பார்க்க ஆசைப்பட்ட ஊர் சிதம்பரம். அதற்குள் நுழைய அவர் தீயில் இறங்க வேண்டியிருந்தது என்று புராணம் சொல்கிறது. அதைப் பக்தி என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

எனக்குப் பிடித்த கனவு காசியில் தோல் வேலை செய்த ரவிதாசருடையது. பேகம்புரா, துயரமில்லாத ஊர். அவருடைய பாடலில் அந்த ஊரின் பெயர் இதுதான். அந்த ஊரில் வரி இல்லை, பயம் இல்லை, இரண்டாம் தரம் மூன்றாம் தரம் என்று யாரும் இல்லை, யாரும் எங்கே வேண்டுமானாலும் நடந்து போகலாம். நான் அந்தப் பாடலின் மொழிபெயர்ப்பைப் படித்தபோது ஒன்றைக் கவனித்தேன். அங்கே மலை இல்லை, ஆறு இல்லை, குளிர்காற்று இல்லை. தன் கனவு ஊருக்கு அவர் கேட்டது தெருவில் தடையில்லாமல் நடப்பதை. அப்பாவின் பாடையை நினைத்துக்கொண்டேன். மொட்டை மாடியில் எனக்கு ஏன் பதில் வரவில்லை என்பது அப்போது புரிந்தது.

கனவோடு நிற்காமல் செய்து பார்த்தவர்களும் உண்டு. 1942இல் நாக்பூரில் நடந்த தாழ்த்தப்பட்டோர் மாநாட்டில் தனிக் கிராமங்கள் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். 1947இல் அம்பேத்கர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அதற்கென ஒரு குடியேற்ற ஆணையமே கேட்டது. அடிமையாக ஊர் ஓரத்தில் இருப்பதைவிடச் சொந்த நிலத்தில் தனி ஊராக இருப்போம் என்பது அதன் பொருள். அது நடக்கவில்லை. நம் மாநிலத்தில் கலைஞர் 1997இல் பெரியார் பெயரால் சமத்துவபுரம் திட்டத்தை அறிவித்தார். மதுரைப் பக்கம் மேலக்கோட்டையில் முதலாவது வந்தது. நூறு வீட்டில் நாற்பது தலித்துகளுக்கு, இருபத்தைந்து பிற்பட்டோருக்கு, இருபத்தைந்து மிகவும் பிற்பட்டோருக்கு, பத்து மற்றவர்களுக்கு. அடுத்தடுத்த வீடு, ஒரே குழாய், ஒரே சுடுகாடு. இதைக் கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன். ஒரே சுடுகாடு என்று அரசு ஏட்டில் எழுதியதே கல்வெட்டுக்கு எதிரான ஏடுதான். என் குறை வேறு. சமத்துவபுரத்தைப் புதிதாக, ஊருக்கு வெளியே கட்டினார்கள். ஊர் அப்படியே இருந்தது. சேரியும் அப்படியே இருந்தது. 2025 ஏப்ரலில் காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் அறிவித்தார். நல்லது. பலகை மாறும். சுடுகாட்டுப் பாதை எப்போது மாறும்?

நாகூரில் நின்றுகொண்டு தர்காவைப் பற்றிப் பேசாமல் போனால் நீங்கள் விடமாட்டீர்கள். தர்காவின் ஐந்து மினாராக்களில் பெரியது 131 அடி, கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். ராஜா கட்டியதைவிட எனக்கு முக்கியம், கந்தூரிக்கு அப்பாயி என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தது. "இங்க மட்டும் எவனும் எந்தத் தெருன்னு கேக்க மாட்டான்" என்று சொல்லும். சுனாமியின்போது இந்த இடம் எல்லோருக்கும் சோறு போட்டது, செத்தவர்களுக்கு மண் கொடுத்தது. அதனால் நாகூரே பேகம்புரா என்று நான் சொல்லவரவில்லை. தர்கா வாசலில் ஒன்றாக நிற்பவர்கள் பேருந்தை விட்டு இறங்கியதும் அவரவர் தெருவுக்குத்தான் போகிறார்கள். வடக்கே துறைமுகம் வந்த பிறகு நிலக்கரித் தூள் காற்றில் வருகிறது என்று இந்த ஊர் மக்கள் போராட வேண்டியிருக்கிறது. ஆனால் யாரும் எந்தத் தெரு என்று கேட்காத ஒரு வாசலை அப்பாயி தன் வாழ்நாளில் பார்த்திருந்தது. அப்படி ஒரு இடம் இருக்க முடியும் என்பதற்கு அதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

கடைசியாக அம்மா. எனக்கு வேலை கிடைத்தால் அம்மாவை நகரத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது என் திட்டம். போன பொங்கலுக்கு, மொட்டை மாடிக் கேள்வியை அம்மாவிடமே கேட்டேன். எந்த ஊரில் இருக்க உனக்கு ஆசை என்றேன். அம்மா யோசிக்கவே இல்லை. "இங்கதான். ஆனா மேட்டுல."

எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இந்த நிலத்தை விட்டு ஓடினால்தான் விடுதலை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா நிலத்தின் மேல் குறை சொல்லவில்லை. ஐப்பசி மழை அதற்குப் பிடிக்கும், கொண்டல் காற்று பிடிக்கும், நாற்று வாசனை பிடிக்கும். அது நட்ட ஊர் இது. அதன் குறை எல்லாம், தன்னைத் தாழ்வில் வைத்திருப்பதுதான். இந்த நிலத்தின் அழகை ரசிக்கும் உரிமையையும் நாம் ஆண்டைகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வெளியேற வேண்டுமா என்ன? போக விரும்புகிறவர் போகட்டும், போகும் இடத்தில் வீடு கிடைக்கட்டும். இருக்க விரும்புகிறவர் மேட்டில் இருக்கட்டும்.

ஆகவே தோழிக்கு நான் தாமதமாகச் சொல்லும் பதில் இது. எனக்குப் பிடித்த ஊர் வெட்டாற்றங்கரையில் இருக்கிறது. அங்கே வெள்ளம் ஏறாத மேட்டில் எங்களுக்கு மனை இருக்கும், பட்டா அம்மா பெயரில் இருக்கும். கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் இதே மாவட்டத்தில் நிலத்தைப் பெண்கள் பெயரில் வாங்கிக் கொடுத்துக் காட்டியிருக்கிறார், ஆகாத காரியம் இல்லை. குளம் ஒன்று, குழாய் ஒன்று, சுடுகாடு ஒன்று. அதற்குப் போகும் பாதை ஊர்த்தெரு வழியாக, தார் போட்டு இருக்கும். எந்தத் தெரு என்று கேட்டால் தெருப் பெயரைத் தவிர வேறு எதுவும் அதிலிருந்து தெரியாது. தட்பவெப்பம் இப்போது இருப்பதே போதும்.

நம் ஊராட்சியின் கிராம சபைக் கூட்டம் வரப்போகிறது. சுடுகாட்டுப் பாதைக்கு ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை என்றாலும் கிராம சபைக்குப் போகலாம். எங்கள் தெருப் பெண்கள் இருபத்தேழு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். முதல் கையெழுத்து அம்மாவுடையது. இங்கே இருக்கும் தோழர்களும் அன்றைக்கு வந்து எங்களோடு உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.